2020-ல் ஒரே நாளில் வேலை போன இருவருக்கு இன்று ஏன் இவ்வளவு சம்பள வித்தியாசம்?

கேள்வி: 2020 மே கடைசியில் நானும் நண்பனும் சென்னையில் ஒரே சாஃப்ட்வேர் சப்போர்ட் கம்பெனியிலிருந்து நீக்கப்பட்டோம். ஒரே அனுபவம், ஆண்டுக்கு ஒரே 6 லட்சம். நான் ஆகஸ்டில் 3.9 லட்சத்துக்கு ஒரு வேலையில் சேர்ந்தேன். அவன் நவம்பர் வரை ஊரில் சும்மா இருந்துவிட்டுப் பழைய சம்பளத்துக்கே சேர்ந்தான். இன்று அவன் வாங்குவது என்னைப்போல இரண்டு மடங்கு. நான் எங்கே கோட்டைவிட்டேன்? ரெஸ்யூமேயில் அந்த இடைவெளியை எப்படிக் காட்டுவது?

பதில்:

நீங்கள் எங்கும் கோட்டைவிடவில்லை. உங்கள் நண்பருக்கு இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வசதி இருந்தது, உங்களுக்கு இல்லை. மற்ற எல்லாம் இதிலிருந்து வந்தவைதான். கம்பெனிகளுக்கு ஆள் பார்த்துக் கொடுக்கும் கன்சல்டன்சி தொழிலில் இருக்கிறேன். அந்த ஆண்டு கிண்டி, ஓ.எம்.ஆர்., ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வேலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் இந்தக் கணக்கை உள்ளேயிருந்து சொல்ல முடியும்.

2020 மார்ச் 24 இரவு 21 நாள் ஊரடங்கு அறிவிப்பு வந்தது. அடுத்த சில நாட்களில் எங்கள் கையிலிருந்த ஓப்பனிங்குகள் எல்லாம் ‘ஹோல்டு’ ஆகிவிட்டன. ‘கேன்சல்’ என்று எந்த கம்பெனியும் சொல்லவில்லை. வினையே அதுதான். கேன்சல் என்றால் வேலை தேடுகிறவர் வேறு இடம் பார்ப்பார். ஹோல்டு என்றால், “அடுத்த வாரம் கூப்பிடுவார்கள்” என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பார். கையில் ஆஃபர் லெட்டர் இருந்தவர்களுக்குச் சேரும் தேதி மே, ஜூலை, அப்புறம் ‘தெரிவிக்கிறோம்’ என்று தள்ளிக்கொண்டே போனது. அந்த நம்பிக்கையில் பழைய வேலையை ராஜினாமா செய்துவிட்டு இரண்டும் இல்லாமல் நின்றவர்களின் பாடுதான் எல்லாரையும்விட மோசம்.

ஊரடங்கு எவ்வளவு ஆழமாக வெட்டியது என்பதற்கு, வேலையின்மையைக் கணக்கெடுக்கும் தனியார் ஆய்வு நிறுவனமான சி.எம்.ஐ.இ.யின் கணக்கைப் பாருங்கள். ஏப்ரல் 2020-ல் நாடு முழுவதும் வேலையின்மை 23.5 சதவீதம், தமிழ்நாட்டில் மட்டும் 49.8 சதவீதம். வேலை செய்யவோ தேடவோ முன்வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தொழிற்சாலையும் நகரமும் மிகுந்த மாநிலம், பூட்டியபோது அடியும் பலமாக விழுந்தது என்பதே என் எண்ணம். அந்த ஏப்ரலில் மாருதி, ஹூண்டாய் இரண்டும் உள்நாட்டில் ஒரு கார்கூட விற்கவில்லை. ஒரு கார் கம்பெனி நின்றால் ஒரகடத்தில் எத்தனை சிறு பட்டறைகள் நிற்கும் என்பது அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதில் பலர் கவனிக்காத இன்னொரு எண்ணும் உண்டு. ஜூலையில் நாட்டின் வேலையின்மை 7.4 சதவீதமாக இறங்கியது. தொலைக்காட்சியில் ‘மீண்டுவிட்டோம்’ என்றார்கள். உங்கள் வீட்டிலும் யாராவது, “எல்லாரும் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்களே, உனக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை?” என்று கேட்டிருப்பார்கள். திரும்பி வந்தது தினக்கூலி, காய்கறி வண்டி, வயல் வேலை. மாதச் சம்பள வேலைகளின் கதை நேர் எதிர்: ஏப்ரலில் போனவை 1.77 கோடி, ஜூலை முடிவில் அந்த இழப்பு 1.89 கோடியாகக் கூடியிருந்தது என்கிறது அதே சி.எம்.ஐ.இ. நீங்கள் சலிக்காமல் விண்ணப்பித்துக்கொண்டிருந்த ஜூன், ஜூலையில் உங்கள் ரக வேலைகள் குறைந்துகொண்டுதான் இருந்தன. உங்கள் தேடலில் குறை இல்லை.

உங்களை ஏன் ஏப்ரலில் நீக்காமல் மே கடைசியில் நீக்கினார்கள் என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஊரடங்கு நாட்களுக்கு முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று மத்திய உள்துறை அமைச்சகம் மார்ச் 29 அன்று ஓர் உத்தரவு போட்டது. மே 18 முதல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஜூன் 12-ல் உச்ச நீதிமன்றமும் அந்த உத்தரவை மீறிய முதலாளிகள்மேல் கடும் நடவடிக்கை வேண்டாம், தொழிலாளர்களோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. அதுவரை தயங்கிக்கொண்டிருந்த சிறிய, நடுத்தர கம்பெனிகளுக்குத் தடை விலகியது. பெரியவர்களும் அப்போதுதான் கத்தியை எடுத்தார்கள்: மே 15-ல் ஸொமாட்டோ தன் ஆட்களில் 13 சதவீதத்தைக் குறைப்பதாக அறிவித்தது, மூன்று நாளில் ஸ்விக்கி 1,100 பேர் என்றது.

ஐ.டி.யில் பெரிய பெயர்கள் வேறு மாதிரி நடந்துகொண்டன. டி.சி.எஸ். சம்பள உயர்வை நிறுத்தியது, ஆனால் ஆட்குறைப்பு இல்லை, கொடுத்த ஆஃபர்களைக் காப்பாற்றுவோம் என்றது. காக்னிசன்ட் இந்தியாவில் கீழ்நிலை ஊழியர்களுக்கு ஏப்ரல் மாத அடிப்படைச் சம்பளத்தில் 25 சதவீதம் கூடுதலாகவே கொடுத்தது. இதைப் படித்தவர்கள் ‘ஐ.டி.க்கு ஒன்றும் ஆகாது’ என்று நினைத்தார்கள். அடி விழுந்தது உங்களைப் போன்றவர்களுக்கு: விமானம், ஹோட்டல், சுற்றுலா என்று வாடிக்கையாளர் வைத்திருந்த சிறு கம்பெனிகளின் ஆட்கள், ஓரிடத்தில் வேலை செய்தாலும் வேறொரு கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள், ப்ராஜெக்ட் இல்லாமல் ‘பெஞ்சில்’ காத்திருந்தவர்கள்.

நீக்கிய விதத்தையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் யாரையும் ‘நீக்கவில்லை’. ஹெச்.ஆர். போன் செய்து, “நீங்களே ராஜினாமா மெயில் போட்டுவிட்டால் ரிலீவிங் லெட்டர் சுத்தமாக வரும், எதிர்காலத்துக்கு நல்லது” என்பார். பயத்தில் போட்டுவிடுவோம். போட்ட அந்த நிமிடமே ஆட்குறைப்பு இழப்பீடு கேட்கும் வழி குறுகிவிடுகிறது. மாதம் 21,000-க்குள் வாங்கிய இ.எஸ்.ஐ. தொழிலாளர்களுக்கு இன்னொரு நஷ்டமும் இருந்தது. வேலை போனால் சராசரிச் சம்பளத்தில் 50 சதவீதத்தை 90 நாள் வரை தரும் திட்டம் அப்போது இ.எஸ்.ஐ.யில் இருந்தது. அதுவரை 25 சதவீதமாக இருந்ததை, 2020 மார்ச் 24-க்குப் பின் வேலை இழந்தவர்களுக்காக உயர்த்தினார்கள். ஆனால் அறிவிப்பு ஆகஸ்டில்தான் வந்தது. அதற்குள் ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தவர்கள், வேலை பறிபோனதை எப்படி நிரூபிப்பார்கள்?

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன். மே கடைசியில் இருவருக்கும் வேலை போயிற்று. இருவரிடமும் என்ன இருந்தது?

பி.எஃப். மார்ச் 28-ல் விதியை மாற்றி, இருப்பில் 75 சதவீதம் அல்லது மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், இதில் எது குறைவோ அதை எடுக்கலாம் என்றார்கள். அடிப்படை 20,000 என்றால் உச்சம் 60,000. பணம் சிலருக்குச் சில நாட்களிலேயே வந்தது. வராதவர்களில் பலருக்குத் தடை நம் ஊர் இனிஷியல்தான். ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து, பி.எஃப். கணக்கில் பெயருக்கு முன்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக. மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் திரும்பிவிடும். திருத்த வேண்டுமென்றால் அப்போது பழைய முதலாளியின் ஒப்புதல் தேவைப்பட்டது. அந்த ஆபீஸோ பூட்டிக் கிடக்கும், ஹெச்.ஆரும் வேலை இழந்து ஊருக்குப் போயிருப்பார்.

அடுத்தது கடன். ரிசர்வ் வங்கி மார்ச் 27-ல் மூன்று மாதத் தவணை விலக்கு அறிவித்தது, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. இந்த ஆகஸ்ட் 31-ஐத்தான் உங்கள் கதையின் திருப்பமாக நான் பார்க்கிறேன். செப்டம்பர் பிறந்தால் ஈ.எம்.ஐ. கட்ட வேண்டும் என்ற நிலையிலிருந்தவர்கள் ஆகஸ்டில் எது கிடைத்தாலும் பிடித்துக்கொண்டார்கள். கம்பெனிகளுக்கும் அது தெரிந்திருந்தது. ஆகஸ்டில் என்னிடம் வந்த ஓப்பனிங்குகளில் பல, அதிகச் சம்பளக்காரரை அனுப்பிவிட்டு அதே நாற்காலிக்குக் குறைந்த சம்பளத்தில் ஆள் தேடியவை. “40 சதவீதம் குறைத்தாலும் வருவார்கள், பாருங்கள்” என்று வெளிப்படையாகவே சொன்ன மேனேஜர்கள் உண்டு. வந்தார்கள்தான்.

எங்கள் தொழிலின் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கன்சல்டன்சிக்குப் பொதுவாகக் கிடைப்பது சேர்ந்தவரின் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். அதுவும் ஆள் சேர்ந்து பெரும்பாலும் 90 நாள் நிலைத்த பிறகு. ஏப்ரலிலிருந்து யாரும் சேரவில்லை, எனவே எங்களுக்கும் வரவு இல்லை. ஆகஸ்டில் ஒரு கன்சல்டன்ட் உங்களிடம், “இப்போதைக்கு இதைப் பிடித்துக்கொள்ளுங்கள், நல்லது அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லியிருந்தால், அதில் உங்கள் நலன் எவ்வளவோ அவருடைய வாடகையும் அவ்வளவு கலந்திருக்கும்.

உங்கள் நண்பர் ஊருக்குப் போய்விட்டார் என்கிறீர்கள். சென்னையில் வீட்டைக் காலி செய்துவிட்டு, வாடகை பாக்கியை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லி, மிச்சத்தை வாங்கிக்கொண்டு போனவர்கள் அந்தக் கோடையில் ஏராளம். ஊரில் சொந்த வீடு, ரேஷன் அரிசி, அப்பாவின் சம்பளமோ பென்ஷனோ இருந்தால் மாதச் செலவு சென்னையின் கால் பங்குக்கு இறங்கிவிடும். மே 7-ல் தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கினார்கள். அரசு வேலையில் 58-ஐத் தொட்ட அப்பா இருந்த வீட்டில் இன்னும் ஓராண்டு முழுச் சம்பளம் வந்தது. அந்த வீட்டுப் பிள்ளை நிதானமாகத் தேடினான். அதே உத்தரவு, அரசு வேலைக்காகப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஓராண்டுக் காலியிடங்களை அடைத்தது. ஏப்ரல் 5-ல் நடக்க வேண்டிய குரூப் 1 முதல்நிலைத் தேர்வோ 2021 ஜனவரி 3-க்குப் போயிற்று.

காத்திருக்க முடியாதவர்களை மோசடிக்காரர்களும் கண்டுபிடித்துவிட்டார்கள். பதிவுக் கட்டணம், லேப்டாப்புக்கு முன்பணம் என்று கேட்பவை பழைய வித்தை. அந்த ஆண்டு அதிகம் கேள்விப்பட்டது வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி. முதலில் பணமே கேட்கமாட்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான பக்கம் டைப் செய்யக் கொடுப்பார்கள். முடித்துக் கொடுத்ததும், “பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், அபராதம் கட்டுங்கள்” என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்று வரும். படித்த பெண்கள், கல்லூரி முடித்த பையன்கள் பலர் போலீஸுக்குப் பயந்து நகையை அடகு வைத்துக் கட்டினார்கள். அந்த நோட்டீஸ்களில் பெரும்பாலானவை வெற்றுக் காகிதம்.

இன்டர்வியூ நடந்த விதம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே அனுபவித்திருப்பீர்கள். வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன், அதில் காலையில் பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு, அதே நேரத்தில் அப்பாவுக்கு ஜூம் இன்டர்வியூ. யாருக்கு விட்டுக்கொடுப்பது? நேரில் போக வேண்டிய தொழிற்சாலை வேலைகளில் இதைவிடச் சிக்கல். மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். திருமணம், சாவு, மருத்துவம் என்று காரணம் காட்டலாம். வேலை தேடிப் போகிறேன் என்று எழுதினால் யார் பாஸ் கொடுப்பார்? செங்கல்பட்டில் இருப்பவருக்கு கிண்டி எஸ்டேட்டில் வேலை கிடைத்தாலும் மின்சார ரயில் ஓடவில்லை. பொதுப் பயணிகளுக்கு அது திறந்தது டிசம்பர் கடைசியில்தான். பைக் வைத்திருந்தவருக்கு வேலை, ரயில் பாஸில் போனவருக்கு வீடு என்று ஆயிற்று.

பிறகு திறந்தது. செப்டம்பர் 1-ல் மாநிலத்துக்குள் இ-பாஸ் நீங்கியது, 7-ல் வெளிமாவட்டப் பேருந்தும் மெட்ரோவும் ஓடத் தொடங்கின. அக்டோபரில் டி.சி.எஸ். நிறுத்தி வைத்த சம்பள உயர்வைக் கொடுத்தது. எங்கள் மெயிலில் ஹோல்டில் கிடந்த வேலைகள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. கவனியுங்கள்: அவை மார்ச்சுக்கு முன்பே பட்ஜெட் ஒப்புதல் வாங்கியவை. பழைய சம்பளத் தொகை அந்தக் கோப்பில் அப்படியே இருந்தது. உங்கள் நண்பர் நவம்பரில் பழைய 6 லட்சத்துக்கே சேர்ந்தது அவர் பேச்சுத் திறமையால் அல்ல. அவர் உட்கார்ந்தது மார்ச் மாத நாற்காலி, நீங்கள் உட்கார்ந்தது ஆகஸ்ட் மாத நாற்காலி.

2.1 லட்சம் வித்தியாசம் எப்படி இரண்டு மடங்காயிற்று? நம் ஊரில் ஆள் எடுக்கும்போது முதல் கேள்வி, “கடைசியாக என்ன வாங்கினீர்கள்?” மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்டு, அதன்மேல் 30 அல்லது 40 சதவீதம் போட்டு ஆஃபர் கொடுப்பது வழக்கம். 2021-லும் 2022-லும் ஐ.டி.யில் ஆளுக்கு அப்படி ஒரு பஞ்சம். 2022 ஜனவரி–மார்ச்சில் இன்ஃபோசிஸில் விலகியோர் விகிதம் 27.7 சதவீதம். அப்போது தாவியவர்கள் எல்லாரும் சதவீதக் கணக்கில்தான் ஏறினார்கள். 6 லட்சத்துக்கு 40 சதவீதம் போட்டால் 8.4. உங்கள் 3.9-க்கு அதே 40 சதவீதம் 5.46. அடுத்த தாவலில் 30 சதவீதம் என்றால் அவருக்கு 10.92. நீங்கள் அந்த இரண்டாவது தாவலைச் செய்யவில்லை என்றால் 5.46-லேயே நிற்பீர்கள். சரியாக இரண்டு மடங்கு. இடையில் உங்கள் வேலைத்திறன் குறைந்ததாக எந்தக் கணக்கிலும் இல்லை. 2020 ஆகஸ்டின் நெருக்கடி ஒவ்வொரு ஆஃபர் லெட்டரிலும் உங்கள் கூடவே வந்தது, அவ்வளவுதான்.

இப்போது செய்யக்கூடியது இந்தச் சங்கிலியை அறுப்பது. கடைசிச் சம்பளம் கேட்கும்போது பொய் சொல்லாதீர்கள், சம்பளச் சீட்டில் தெரிந்துவிடும். ஆனால் எண்ணை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். “2020 ஆட்குறைப்புக்குப் பிறகு குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தேன், அதற்கு முன் 6 லட்சம் வாங்கினேன், இந்தப் பொறுப்புக்கு சந்தையில் இவ்வளவு கொடுக்கிறார்கள், அதைத்தான் எதிர்பார்க்கிறேன்” என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். பழைய கம்பெனியின் 2020 சம்பளச் சீட்டும் ஃபார்ம் 16-ம் இருந்தால் அதையும் அனுப்புங்கள். சதவீதத்தில் பேச்சை ஆரம்பித்தால் தொகைக்கு இழுத்து வாருங்கள். கையில் இன்னோர் ஆஃபர் இருந்தால் இந்தப் பேச்சு எளிது, இல்லாமல் பேசுவது கஷ்டம்தான். அதனால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடத்தில் இன்டர்வியூ ஓடும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் அலைச்சல், ஆனால் பலன் உண்டு.

இடைவெளியைப் பற்றி: உங்களுக்கு மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை, மூன்று மாதம்கூட ஆகாது. ‘ஃப்ரீலான்ஸர்’ என்று பூசி மெழுக வேண்டாம். செய்திருந்தால் எழுதுங்கள், செய்யாததை எழுத வேண்டாம். பின்னணி சரிபார்ப்பவர்கள், கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்ணான யு.ஏ.என்.-ஐ வைத்து பி.எஃப். வரலாற்றைப் பார்ப்பது இப்போது சாதாரணம். எந்த மாதம் எந்த கம்பெனி பணம் கட்டியது என்பது அதில் வரிசையாக இருக்கும். ரெஸ்யூமேயில் பழைய வேலையின் கீழ் ‘2020 மே, கொரோனா கால ஆட்குறைப்பு’ என்று ஒரு வரி போதும். ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவரும் அந்த ஆண்டைக் கடந்து வந்தவர்தான், அதற்குமேல் தோண்டமாட்டார். ராஜினாமா மெயில் போட்டிருந்தாலும் இப்படியே சொல்லலாம். ரிலீவிங் லெட்டரில் ‘ராஜினாமா’ என்றுதான் இருக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு முரணாகத் தெரியாது.

யு.ஏ.என். பக்கத்தைத் திறக்கும்போதே பழைய கம்பெனி விலகல் தேதியைப் பதிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பதியாவிட்டால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கடந்தபின் நீங்களே பதியும் வசதி 2020 ஜனவரியிலேயே வந்துவிட்டது. பெயரும் இனிஷியலும் ஆதாரோடு ஒத்துப்போகவில்லை என்றால், வேலையில் இருக்கும்போதே, ஹெச்.ஆர். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள்.